ஆளுக்கு ஒரு பிடி

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று எங்கள் ஆசிரியைகள் அறையில் ஊர் சுற்றிய கதைதான் ஓடும். ஒருத்தி காசிக்குப் போய்க் கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்திருப்பாள். இன்னொருத்தி சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போய்வந்து, அங்கே தெருவில் துப்பினால் அபராதம் என்று வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பாள். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் நானும் ஒரு பயணம் போனேன். சேலையூரிலிருந்து குன்றத்தூருக்கு. பஸ் மாறி மாறிப் போனால்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். எனக்குத் தை பிறந்து பங்குனி வந்தும் அனகாபுத்தூரைத் தாண்ட முடியவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்களுக்கெல்லாம் நெஞ்சு ஒழுங்காக வேலை செய்கிறது.

எனக்கு டிபி வந்திருந்தது. காலனியில் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. 'சாரோட சம்சாரம் ஊருக்குப் போயிருக்காங்க' என்றுதான் பேச்சு. நான் ஊருக்கெல்லாம் போகவில்லை. தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் மாதக்கணக்கில் படுத்திருந்தேன். அந்தச் சமயத்தில் என் அம்மா, மகள் பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்துக் குன்றத்தூர் முருகனுக்கு நடந்தே வருவாள் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டிக்கொள்வது ஒருவர், நடப்பது இன்னொருவர், நம் ஊரில் அப்படித்தான்.

மடிப்பிச்சைக்குச் சட்டதிட்டம் உண்டு. மஞ்சள் புடவை கட்டி, முந்தானையை ஏந்தி, வீடு வீடாக நிற்க வேண்டும். எவ்வளவு வசதியானவளாக இருந்தாலும் ஏந்தித்தான் ஆக வேண்டும். போட்டதை வாங்கிக்கொள்ளலாம், இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்கக் கூடாது. சேருகிற அரிசி ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சும் கஞ்சிக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். உள்ளே படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு உண்டு. துணைக்கு வந்து வராந்தாவில் கிடப்பவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்காக நாலைந்து பெண்கள் சேர்ந்து ஞாயிறு சாயங்காலம் பூவரச மரத்தடியில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். முருகன் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று எனக்குத் தோன்றியது.

ஆனாலும் உண்மையைச் சொன்னால், கணக்கு டீச்சரான நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். தப்பிக்க விடாமல் பிடித்துக்கொண்டவள் பக்கத்துக் கட்டில் கனகா.

கனகாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அனகாபுத்தூரில் லுங்கி நெய்கிற குடும்பத்து மருமகள். குழந்தை இல்லை. தீபாவளிக்கு முந்தி அவள் புருஷன் வந்து பார்த்துவிட்டுப் போனதுதான், அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நான் டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அவள் தலையணை உறையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே மாத்திரைகள். நர்ஸ் எதிரில் வாயில் போட்டுக்கொண்டு, அந்தண்டை போனதும் துப்பிச் சேர்த்தவை.

"வவுத்தைப் பொரட்டுது டீச்சரக்கா. இன்னாத்துக்கு இத்தத் துண்ணணும்? நல்லாயிட்டு எந்த வூட்டுக்குப் போவணும்?"

அவளே தொடர்ந்தாள்.

"நீ குன்றத்தூர் போற வழியிலதான் எங்க வூடு கீது. அங்க போயி மடியேந்து. எங்க தெருவுல மடிப்பிச்சைன்னு வந்தா ஆளுக்கு ஒரு பிடி போடுவாங்க. வூட்டுல எத்தினி பேரோ அத்தினி பிடி. மாமனாரு, மாமியாரு, எங்க வூட்டுக்காரரு, கொழுந்தன், நானு. அஞ்சு. எண்ணிக்கினு வந்து சொல்லு, நாலா அஞ்சான்னு."

"அஞ்சுன்னா?"

"உடனே சந்தோசப்படாத. உள்ள புதுசா ஒருத்தி கீறாளான்னு எட்டிப் பாத்துட்டு அப்பால சந்தோசப்படு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டேன். நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும் அவள் மாத்திரையை விழுங்க வேண்டும். கனகா என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

டாக்டர் ஒரேயடியாக நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே வாரம் ஒரு நடை, ஞாயிறுதோறும். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே நிற்பது, பஸ் ஏறித் திரும்புவது, அடுத்த வாரம் அதே இடத்தில் இறங்கித் தொடர்வது. சாயங்காலம் அரிசியை மரத்தடியில் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போய்க் கனகாவிடம் கதை சொல்வது.

முதல் ஞாயிறு கதை சொல்லும்படியாக இல்லை. சேலையூரில் முதல் வீட்டுக் கதவைத் திறந்தது என் வகுப்புப் பையனின் அம்மா. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்த அம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாள். கடைசியில் ஒரு படி அரிசியைக் கொட்டிவிட்டு, "டீச்சர், இந்த வருஷம் பாஸாயிடுவானா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிச்சைக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? பாஸாவான் என்றேன். பிற்பாடு அவன் பெயிலாகி என் மானத்தை வாங்கினான்.

எல்லோரும் அப்படியில்லை. என் நோய் விஷயம் தெரிந்த சிலர் கையை ஓரடி உயரத்தில் நிறுத்தி அங்கிருந்து அரிசியை விட்டார்கள். பாதி மடியில் விழுந்தது, பாதி வாசற்படியில். குனிந்து பொறுக்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடு தாம்பரம் ரயில்வே மேல்பாலத்துப் படிக்கட்டில் ஏறி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே மின்சார ரயில் வந்து நின்று, இறங்கிய கூட்டம் முழுக்க என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு மனிதர் என் மடியில் சில்லறை போட்டார். ஆக, என் முதல் நாள் பயணம் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குத் தாம்பரம்கூடப் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது வாரம் பாலத்தைத் தாண்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு வண்டிக்காரர் அவித்த முட்டை விற்றுக்கொண்டிருந்தார். டாக்டர் தினம் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததே கிடையாது. துணைக்கு ஸ்கூட்டரில் பின்னாலேயே ஊர்ந்து வந்துகொண்டிருந்த என் கணவரிடம், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்கோ" என்றேன். அவரும் சமர்த்தாகத் திரும்பிக்கொண்டு பஸ் போர்டுகளைப் படித்தார். விரதப் புடவையில் முட்டை தின்கிறோமே என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. முருகன் வேடர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவன், இதையெல்லாம் பெரிதுபடுத்த மாட்டான். மிளகுத் தூள் தூவிய முட்டை நன்றாகவே இருந்தது.

அப்போதெல்லாம் ஞாயிறு காலையில் டிவியில் புராணத் தொடர் ஓடும். அந்த ஒரு மணி நேரம் ஜிஎஸ்டி ரோடே துடைத்து வைத்தது போலக் கிடக்கும். நடக்கச் சுகம், பிச்சைக்கு மோசம். குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியபின், உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "விளம்பரம் போடற வரைக்கும் நில்லும்மா." நின்றேன். விளம்பரம் வந்தது, அரிசியும் வந்தது. கூடவே ஒரு தம்ளர் மோர். அந்த மோருக்காக அவர்களை மன்னித்துவிட்டேன்.

அன்று ஒரு வேப்பமரத்தடியில் மூச்சு முட்டியது. அடுத்த வாரம் அடையாளம் தெரிய வேண்டுமே என்று அங்கே கிடந்த செங்கல்லை மரத்தோடு நிமிர்த்தி வைத்தேன். வெறும் செங்கல்லை யாராவது தூக்கிப்போய்விட்டால்? முடிச்சிலிருந்த மஞ்சள் பொடியைக் குழைத்து அதன்மேல் நன்றாகத் தடவினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போனால் செங்கல்லுக்குக் குங்குமம் வைத்து, பாவாடைத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் சாத்தியிருந்தார்கள். ஒரு அம்மாள் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "செருப்பை அப்பால கழட்டும்மா" என்றாள்.

"இது எப்ப வந்தது?"

"தானா மொளைச்சது. போன ஞாயித்துக்கெழமை இங்க ஒண்ணுமில்ல. திங்கக்கெழமை காத்தால பாத்தா ஆத்தா வந்து குந்திக்கினு கீறா."

நான்தான் வைத்தேன் என்று சொல்லப் போனேன். அந்த அம்மாள் என் மஞ்சள் புடவையைப் பார்த்துவிட்டு, உண்டியல் தட்டுப் பக்கத்தில் குவித்திருந்த அரிசியில் இரண்டு கை அள்ளி என் மடியில் போட்டாள். பிறகு எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றி நானும் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்தே நடையைத் தொடங்கினேன்.

இதைச் சொன்னபோது கனகா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்து என்னைத் திட்டினார். இருமல் அடங்கியதும் கனகா, "வர்ற வாரம் எங்க தெருவாண்டயும் ஒண்ணு வையி" என்றாள். அன்று அவள் தலையணையைத் தடவிப் பார்த்தேன். மாத்திரை இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

பல்லாவரத்தில் ஸ்கூட்டர் காலை வாரிற்று. "ஏறிக்கோயேன், யாரு பார்க்கப் போறா?" என்று என் கணவர் ஐம்பதாவது தடவையாகச் சொல்லி வாயை மூடவில்லை, வண்டி நின்றுவிட்டது. உதைத்தார், சாய்த்தார், மறுபடி உதைத்தார். ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் கடை மூடியிருந்தது. அவர் வண்டியைத் தள்ள, நான் அரிசி மூட்டையோடு பக்கத்தில் நடக்க, டீக்கடையில் ஒரு பையன், "சாரு, அக்காவை வண்டில குந்த வெச்சித் தள்ளு சாரு" என்றான். அன்று எங்கள் இருவரில் அதிகம் மூச்சு வாங்கியது அவருக்குத்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து அவ்வளவு தூரம் நடந்ததில்லை என்று அவரே சொன்னார். பனங்கிழங்கு வாங்கி உரித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அதுவரை வாயே திறக்காத மனிதர், நாரைக் கிழித்துக்கொண்டே, "நீ வர மாட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். இன்னொரு கிழங்கு கேட்டேன்.

பல்லாவரத்தில் இடது பக்கம் திரும்பினால் பம்மல். தோல் பதனிடும் கம்பெனிகளின் நாற்றம் முதலில் வரும், ஊர் பிறகு வரும். பொழிச்சலூர்ப் பக்கம் தலையைத் தொடுகிற உயரத்தில் விமானங்கள் இறங்கும். சிங்கப்பூர்க்காரி இதில்தானே வந்து இறங்கியிருப்பாள் என்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு விமானம் போகும்போது ஏந்தி நின்றால், கேட்பதும் காதில் விழாது, போடுகிறவர்கள் சொல்வதும் விழாது. அந்த ஊர்க்காரர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தி, சத்தம் போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அது பழகிவிட்டது.

பம்மலைத் தாண்டினால் அனகாபுத்தூர். என் கால் அங்கேதான் சண்டித்தனம் செய்தது. மூச்சு நன்றாகவே இருந்தது. மாசி வெயிலிலும் நடக்க முடிந்தது. ஆனால் ஒரு தெரு நடந்ததும் போதும் என்று பஸ் ஏறிவிடுவேன். போய் மடியேந்தி, நாலு பிடி விழுந்தால் என்ன செய்வது? ஒப்பந்தம் முடிந்துவிடும். நான் போகாத வரைக்கும் அவள் மாத்திரை தின்கிறாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பம்மலிலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். கனகாவிடம் மட்டும் வாராவாரம் புதிது புதிதாகக் கதை சொன்னேன்.

அவள் அந்தப் பக்கத்துக்காரி என்பதை நான் மறந்துவிட்டேன்.

"பம்மல்ல எத்தினி வாரமா இன்னா பண்ற?" என்று ஒரு நாள் கேட்டாள். "ஆமை கூட இந்நேரம் குன்றத்தூர் போயி மொட்டை அடிச்சிக்கினு வந்திருக்கும்."

"மூச்சு வாங்குதுடி."

"எனக்கே காதுல பூ சுத்தறியா? நீ பயந்துகினு கீற. நான்தான பயப்படணும்?" தலையணையைத் தட்டி நிமிர்த்தினாள். "நாளையிலேந்து நான் மாத்திரை துண்ண மாட்டேன். நீ போயிட்டு வா. அப்பால பாத்துக்கலாம்."

நான் கெஞ்சினேன், மிரட்டினேன். டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். சொல்லவும் சொன்னேன். டாக்டர் வந்து திட்டினார், நர்ஸ் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தார். வாயை இறுக்கி மூடிக்கொள்கிற மனுஷியை யார் என்ன செய்ய முடியும்? அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் போட்ட கணக்கெல்லாம் தப்பு.

அந்த ஞாயிறு அனகாபுத்தூரில் இறங்கினேன். கணவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தெரு நீளத்துக்குச் சிவப்பும் பச்சையுமாக நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. கனகா சொன்னது உண்மைதான். ஒவ்வொரு வீட்டிலும் பிடி பிடியாகத்தான் போட்டார்கள். ஒரு வீட்டில் ஆறு, ஒன்றில் மூன்று. பிள்ளையார் கோயிலைத் தாண்டி முருங்கை மரம் நின்ற வீடு கனகாவுடையது. முந்தானையை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

"மடிப்பிச்சை போடுங்கம்மா."

மூக்குத்தி போட்ட அம்மாள் ஒருத்தி வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. கனகாவின் மாமியார்தான், மூக்குத்தி அடையாளம் கனகாவே சொல்லியிருந்தாள்.

"எந்த ஊரும்மா? இன்னா வேண்டுதலு?"

"சேலையூர். டிபி வந்து பொழைச்சேன். தாம்பரத்துல இருந்தேன்."

அந்த அம்மாள் முகம் மாறிற்று. எதிர்வரிசையைப் பார்த்தாள். சடக்கென்று உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். முறத்தில் அரிசியோடு திரும்பி வந்தாள்.

கையை உயரத்தில் நிறுத்தவில்லை. முஷ்டியை என் மடிக்குள் விட்டு, அடியில் வைத்துத் திறந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

முறத்தில் அரிசி மிச்சமிருந்தது. நான் நகரவில்லை. இன்னும் போடு என்று கேட்கக் கூடாது, அது சட்டம்.

"போட்டாச்சேம்மா," என்றாள்.

"நான் கனகா பக்கத்துக் கட்டில்ல இருந்தேன்," என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவை ஒருக்களித்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

"மொள்ளப் பேசு. நெய்யறதுக்கு நூல் குடுக்கறவன் சொல்லிட்டான், ஆஸ்பத்திரிக்குப் போயி வந்தா இந்த வூட்டுக்கு நூல் கெடையாதுன்னு. எதுத்த வூட்டுல அவன் ஆளு கீறான். நாலு வவுறு கீதும்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அதுக்காக அவளை ஆள் கணக்கிலேந்தே எடுத்துட்டீங்களா? அவ எண்ணிண்டு வரச் சொன்னா. நாலு பிடின்னு போய் நான் எப்படிச் சொல்லுவேன்?"

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அடுப்பங்கரை மூலைக்குப் போய், ஒரு மண்பானையின்மேல் இருந்த தட்டை எடுத்தாள். கழுத்து வரைக்கும் அரிசி.

"ஆளுக்கு ஒரு பிடின்னு எண்ணித்தான் நான் ஒல வெக்கிறேன். அவ போன நாள்லேந்து அவ பிடியைத் தெனம் இதுல போட்டுக்கினு வரேன். எங்க நாலு பேருக்குப் பத்தாதப்பக்கூட இதுல கை வெக்கல."

நான் மடியை நீட்டினேன். "இதிலேந்து ஒரு பிடி போடுங்கோ. அவகிட்ட காட்டறேன்."

"மாட்டேன்," என்றாள் அவள், தட்டை மூடிக்கொண்டே. "பிச்சையில போடறதுக்கா சேத்து வெச்சிக்கினு கீறேன்? இது அவ வூட்டு அரிசி. அவளே வந்து பொங்கித் துண்ணட்டும்."

தறியிலிருந்து எழுந்து வந்த அவள் மகன் கதவோரம் நின்றான். கனகாவின் புருஷன். என் முகத்தைப் பார்க்காமல், "ராத்திரில இன்னும் இருமறாளா?" என்று மட்டும் கேட்டான். குறைந்திருக்கிறது என்றேன். தலையை ஆட்டினான். நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தத் தறிச் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

வார்டில் கனகா எனக்காகவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தட்டில் அன்றைய மாத்திரைகள் தொடாமல் இருந்தன.

"நாலு," என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகிடம்தான் மிச்சத்தைச் சொன்னேன். நூல் கொடுக்கிறவன், எதிர்வீடு, அடுப்பங்கரை மூலை, பானை, தினம் ஒரு பிடி, மாமியார் தர மறுத்தது, அவன் கேட்ட ஒரே கேள்வி.

"எந்தப் பானை?" என்றாள் சுவரிடம். "வாயி ஒடைஞ்சதா?"

"ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருந்தது."

"வேப்பிலை போட்டிச்சா உள்ள?"

"நான் பார்க்கலையேடி."

அவள் விருட்டென்று திரும்பி எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர். "நீ இன்னாத்தைத்தான் பாத்த? தீவாளிக்கு முன்ன போட்ட அரிசி, ஒடைஞ்ச பானையில, வேப்பிலை கூட போடாம வெச்சா வண்டு வெக்காம இன்னா பண்ணும்? அந்தக் கெழவிக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் கொட்டி வெயில்ல காய வெக்கணும், பொடைக்கணும், பொறுக்கணும். அதுக்கு யாரு கீறாங்க அங்க?"

திட்டிக்கொண்டே கையை நீட்டினாள். "அந்த மாத்திரையை எடு. தண்ணி எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக விழுங்கினாள். கடைசி மாத்திரை தொண்டையில் இறங்குவதற்குள், டாக்டர் நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டாள்.